ஹர்த்தால் அன்று சைக்கிளில் வந்தவர்

கரமனை அக்கிரகாரத் தெருவுக்குள் மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று திரும்பினால், இப்போதெல்லாம் யாரும் பேர் ஊர் விசாரிப்பதில்லை. கையை நீட்டிச் சூடாமணி வீட்டைக் காட்டிவிடுகிறார்கள். காஷ்மீரத்திலிருந்து மிதித்துக்கொண்டு வந்தவனும் அங்கேதான் போனான். போன மாசம் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி வந்தாளே, அவளும் அங்கேதான் போனாள். சூடாமணி அவர்களுக்கு ஒரு இலைச் சாப்பாடும் படுக்கப் பாயும் கொடுக்கிறாள். "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு மாமி" என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "மனசு பெரிசு அவாளுக்கு. நான் வெறுமே வாங்கிண்டவளாக்கும்" என்பாள். அவள் என்ன வாங்கிக்கொண்டாள் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சூடாமணி பிறந்ததும் புகுந்ததும் ஒரே தெரு. பதினாலாம் நம்பர் வீட்டில் பிறந்து முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டுக்கு மருமகளாகப் போனவள். கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையைப் பாதி வாசிப்பதற்குள் மாப்பிள்ளை வீடு வந்துவிட்டதாம். பாட்டை அறுக்கக் கூடாது என்று எல்லோரும் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார்களாம். பிறகு அரசாங்க ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம். டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பிரண்டாக ரிட்டையர் ஆனாள். ஃபைலில் ஒரு காகிதம் குறைந்தால் மந்திரியே கூப்பிட்டாலும் கையெழுத்துப் போட மாட்டாள். அந்தப் பிடிவாதம் ரிட்டையர் ஆகவில்லை.

அவள் கணவர் ராமசேஷன் நேர் எதிர். எதற்கும் சரி என்று தலையாட்டுகிறவர், சாப்பாட்டைத் தவிர. சாப்பாட்டில் மட்டும் அவருக்குத் தனிச் சட்டம். சாம்பாரில் பருப்பு குறைந்தால் முகம் வாடும். மோர்க்குழம்பு நன்றாக இருந்தால் அடுப்படிக்கே வந்து சொல்லிவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் கடைசி மூன்று மாசம் வாயால் ஒன்றும் சாப்பிடவில்லை. மூக்கில் குழாய். அந்தக் குழாய் வழியாக வடிகட்டின கஞ்சி. சூடாமணி அடுப்பில் எதையாவது தாளித்தால் படுக்கையிலிருந்தபடியே தலையைத் திருப்புவார். அதற்காகவே அவள் தாளிப்பதை நிறுத்திவிட்டாள். ஆவணியில் போய்ச் சேர்ந்தார்.

முதல் வருஷத் திவசம் வந்தபோது சூடாமணி மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திவசத்தில் இரண்டு பிராமணர்களை இலையில் உட்கார்த்திச் சாப்பிட வைப்பார்கள். அவர்கள் சாப்பிடுவது போனவருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. இரண்டு வயிறும் அன்றைக்கு நிறைய வேண்டும், வாயால் மென்று, ருசி பார்த்து, இன்னும் கொண்டா என்று கேட்டு நிறைய வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தத் தேதி பார்த்துத்தான் ஹர்த்தால் அறிவித்தார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, சாலைக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறக்கியிருக்கும். சமையலுக்குச் சொல்லியிருந்த மாமி பூஜப்புரையிலிருந்து வர முடியாது என்று போன் பண்ணிவிட்டாள். "வராட்டா போகட்டும்" என்று சூடாமணி விடியற்காலை நாலு மணிக்குக் குளித்து, ஈரப் புடவையோடு தானே அடுப்பு மூட்டினாள். அந்த மடியோடு இருக்கும்போது யாரையும் தொடக் கூடாது, வாசலுக்கும் வரக் கூடாது. வாழைக்காய்க் கறி, பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், உளுந்து வடை, எள்ளுருண்டை, பாயசம். மோர்க்குழம்பு கூட ஒரு படி.

ஏழு மணிக்கு வாத்தியாரிடமிருந்து போன். திவசம் பண்ணி வைக்கும் அவர் இதே தெருக்காரர். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் மஹேஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

"மஹேஷ், சாப்பிட வரவா ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம தெருதான், நான் கூட்டிண்டு வரேன். மத்தவருக்கு ஜுரம். வேற ஒருத்தரை ஏற்பாடு பண்ணியிருக்கேன். நேமத்துலேர்ந்து. நீ பார்த்ததில்லை. சைக்கிள்ல வந்துடுவார், சைக்கிளை எவனும் தடுக்க மாட்டான். வந்தா எண்ணெய் கொடுத்துக் குளிக்கச் சொல்லு."

"சைக்கிள்லயா? ஏழு கிலோமீட்டரா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் சூடாமணி.

"ஆள் நல்ல திடம். சாப்பாடும் நன்னா இறங்கும், திருப்தியாச் சாப்பிடுவார்."

அந்தக் கடைசி வார்த்தை சூடாமணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னும் பத்து வடைக்கு உளுந்து போட்டாள்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவள் அண்ணா பஞ்சாபகேசன். எழுபத்தெட்டு வயது. முந்தின வாரம்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். திவசத்தன்று வாசலில் கோலம் போட மாட்டார்கள். வெறும் தரையைக் கறுப்புக் கண்ணாடி வழியாகக் காவல் காத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஒல்லியான உருவம். தலையில் துண்டு. சைக்கிளின் இரண்டு பக்கமும் பைகள். வந்தவர் இறங்கிக் கைகூப்பினார். பஞ்சாபகேசனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"வாங்கோ, வாங்கோ! சூடா, நேமத்துக்காரர் வந்தாச்சு. பூஜை சாமானெல்லாம் பையில கொண்டுவந்திருக்கார்!"

மூக்கு வைத்த செம்பான கிண்டியில் தண்ணீர் கொடுத்தார். கால் கழுவ. வந்தவர் மூக்குக் கிண்டியைத் தூக்கிப் பாதியைக் கடகடவென்று குடித்துவிட்டு, மீதியைக் காலில் விட்டுக்கொண்டார். மஹேஷ் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் சீயக்காயும் புது வேஷ்டியும் கொண்டுவந்து நீட்டினான். வந்தவர் எண்ணெயைப் பார்த்தார். மஹேஷைப் பார்த்தார். கண் கலங்கினாற்போல் இருந்தது. பெரிய கும்பிடாகப் போட்டு வாங்கிக்கொண்டு, அவன் காட்டிய வழியில் கிணற்றடிக்குப் போனார்.

"மாமா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரே?"

"மௌனம்டா. பழைய நியமம் உள்ள மனுஷா எல்லாம் சாப்பிட்டு எழுந்திருக்கற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டா. இப்போ இருக்கறவாளுக்கு என்ன தெரியும்?"

சாப்பிட வருகிறவர் அதுவரை பட்டினி இருக்க வேண்டும் என்பது முறை. அதனால் யாரும் ஒரு வாய் காபி வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை. கிணற்றடியில் அவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் சத்தம் வெகு நேரம் கேட்டது. சத்தத்திலேயே தெரிந்தது, தலைக்கு, தோளுக்கு, அப்புறம் இரண்டு தொடைக்கும் முழங்காலுக்கும் மாற்றி மாற்றி. நியமம் உள்ள மனுஷர் முழங்காலுக்கு இவ்வளவு எண்ணெய் தேய்ப்பாரா என்று சூடாமணிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. வடை எண்ணெயில் கிடந்தது, அதை விட்டு வர முடியவில்லை.

வடையை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் வேஷ்டி கட்டிக்கொண்டு கூடத்து வாசலில் நின்றார். வயசு முப்பதுதான் இருக்கும். தோளில் பூணூல் இல்லை. முழங்கை வரை கரிக்கட்டை நிறம், அதற்கு மேல் மாநிறம். சட்டையின் அளவை வெயில் கோடு போட்டு வைத்திருந்தது. வயிறு உள்ளே ஒட்டிக் கிடந்தது. அந்த வயிறு அடுப்படிப் பக்கமாகத் திரும்பி நின்றது போலவே இருந்தது அவளுக்கு.

"அண்ணா," என்றாள் சூடாமணி, "இவர் நேமம் இல்லை."

அதே சமயம் வாத்தியார் முதல் பிராமணரோடு உள்ளே நுழைந்தார். "யாரு ஓய் இது?"

மஹேஷ் ஹிந்தியில் கேட்டான். அப்புறம்தான் அந்த மௌனம் உடைந்தது. உடைந்தால் நிற்கவில்லை. பேர் பிஸாஹு. சத்தீஸ்கட்டில் தம்தரிப் பக்கம் ஒரு கிராமத்தில் எலெக்ட்ரிக் வேலை. கன்யாகுமரியில் மூன்று கடலும் சேர்வதைப் பார்க்க வேண்டும் என்று சைக்கிளில் கிளம்பி முப்பத்தெட்டு நாள். நாக்பூர் தாண்டி ஒரு லாரிக்காரர் மழைக்குத் தன் கேபினில் இடம் கொடுத்துவிட்டுத் தான் வண்டிக்கு அடியில் படுத்தார். கண்ணூரில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி கையில் கட்டுப் போட்டுவிட்டாள். ராத்திரி ஆற்றிங்கலில் இரண்டு பரோட்டா சாப்பிட்டது. காலையிலிருந்து ஒரு கடை திறக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை. நெய்யும் வடையும் மணத்ததால் இந்தத் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

"எண்ணெயைக் கொடுத்தபோது உனக்குச் சந்தேகம் வரலையான்னு கேளு" என்றார் வாத்தியார்.

மஹேஷ் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு விதமா உபசாரம் பண்ணினாளாம். இந்த ஊர் வழக்கம் எண்ணெய்க் குளியல்னு நினைச்சானாம். ரொம்ப உயர்ந்த ஊர்ங்கறான்."

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பூஜை சாமான் பையாக்கும்!" என்றாள் சூடாமணி. "பதிமூணு பேர் வந்திருந்தா பதிமூணு பேருக்கும் எண்ணெய் கொடுத்திருப்பேள்."

"நான் உருவத்தைப் பார்த்தேன்."

"உருவம் எனக்கும் தெரிஞ்சது. கிண்டித் தண்ணியை ஒருத்தர் குடிச்சா, அதைக் கேக்கக் காதுமா ஆபரேஷன்?"

சிரிப்பு அடங்குவதற்குள் வாத்தியாரின் போன் அடித்தது. நிஜ நேமத்துக்காரர். பாப்பனங்கோட்டில் சைக்கிள் பஞ்சர். கடை ஒன்றும் இல்லை. வயசானவர், முழங்கால் வலிக்காரர், நாலு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு நடக்க முடியாது. பூட்டின கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம்.

மணி பதினொன்று. மஹேஷ் குளித்து மடியாக இருக்கிறான், வீட்டை விட்டுப் போகக் கூடாது. பக்கத்து வீட்டு ராஜஸ்ரீயிடம் ஸ்கூட்டர் இருந்தது. மதில் வழியாக எட்டிப் பார்த்து அவள் சொன்னாள்: "பாலத்துகிட்ட ஹர்த்தால்காரா நிக்கறா மாமி. ரெண்டு ஸ்கூட்டர்லேர்ந்து காத்தைப் பிடுங்கி விட்டுட்டா, எங்காத்துக்காரர் வினீத் இப்பதான் எங்க ஸ்கூட்டரைத் தள்ளிண்டு வந்தார்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "பன்னெண்டரை வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா ரெண்டாவது இலைக்குக் கூர்ச்சம் வெச்சுப் பண்ணிடலாம். சாஸ்திரத்துல இடம் இருக்கு." கூர்ச்சம் என்பது தர்ப்பைப் புல்லை முடிந்து வைப்பது. ஆள் இல்லாத இடத்தில் அதை உட்கார்த்துவார்கள்.

"புல்லா?" என்றாள் சூடாமணி.

"வழக்கம்தானே அம்மா, கொரோனா காலத்துல எத்தனை வீட்டுல..."

"புல்லு வடை தின்னுமா? மோர்க்குழம்பு தின்னுமா?" அவள் குரல் உயரவில்லை. ஆபீஸில் ஃபைலைத் திருப்பி அனுப்பும்போதும் அவள் குரல் உயர்ந்ததில்லை. "மூணு மாசம் குழாயில விட்டேன். இன்னிக்குப் புல்லுக்கு முன்னாடி இலை போட மாட்டேன். மனுஷ வயிறு வேணும். பன்னெண்டரை இல்லை, ரெண்டரை ஆனாலும் சரி."

வீட்டுச் சண்டை என்று நினைத்து பிஸாஹு தன் சட்டையைத் தேடினான். தன்னால்தான் ஏதோ கெட்டுப்போயிற்று என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். மஹேஷ் அவனைத் தடுத்து விஷயத்தைச் சொன்னான். அப்பா, குழாய், பெரியவர், பஞ்சர். மற்றதெல்லாம் அவனுக்குப் புரிந்ததோ என்னவோ. பஞ்சர் புரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு ஓடி, சைக்கிள் சீட்டுக்கு அடியில் தொங்கிய சின்ன ரிப்பேர்ப் பையைத் தட்டிக் காட்டினான்.

"சாப்பிடாம எப்படிடா போவான்?" என்றாள் சூடாமணி. கையெட்டும் தூரத்தில் முப்பது வடை. பிராமணர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் அதில் ஒன்றைக் கூட எடுத்துக் கொடுக்க முடியாது. "ராஜஸ்ரீ! உங்காத்துல ஏதாவது இருக்கா?"

ராஜஸ்ரீ மதில் வழியாக நாலு பழமும் ஒரு டம்ளர் காபியும் நீட்டினாள். அவன் இரண்டு பழத்தை நின்றபடியே விழுங்கி, இரண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, புது வேஷ்டியை மடித்துக் கட்டி, சைக்கிளில் ஏறினான். வாத்தியார் தன் போனில் பெரியவரின் படத்தைக் காட்டினார். நேர் ரோடு, தப்ப வழியில்லை. பைகளைக் கழற்ற நேரம் இல்லாமல் மூட்டையோடேயே போனான்.

"கன்யாகுமரிக்கும் அதே ரோடுதான்" என்றார் பஞ்சாபகேசன், அவன் தெரு திரும்பியதும். "வேஷ்டி போச்சு."

"போனா போகட்டும். வேஷ்டியைக் கட்டிண்டு கடலைப் பார்க்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த ஒரு மணி நேரம் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. குழம்பை மறுபடி சூடாக்கினாள். இலையைத் துடைத்த துணியால் மறுபடி துடைத்தாள். பன்னிரண்டு மணிக்கு வாத்தியார் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பத்து நிமிஷம் கழித்துத் தர்ப்பைக் கட்டைப் பிரித்து, ஏழெட்டுப் புல்லை எடுத்து, அவள் பார்க்காத மாதிரி முடியத் தொடங்கினார். அவள் பார்த்தாள். முதல் முறையாக அவளுக்கு அழுகை வந்தது.

பன்னிரண்டு இருபதுக்குத் தெருவில் மணிச் சத்தம் கேட்டது.

பெரியவர் தன் சைக்கிளில் முன்னால் வந்தார், மிதிக்காமலேயே. பக்கத்தில் பிஸாஹு. ஒரு கையால் தன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையைப் பெரியவர் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வேர்வை வேஷ்டி வரைக்கும் ஊறியிருந்தது.

"என்ன ஆளு ஓய் இவன்!" என்று இறங்கும்போதே பெரியவர் ஆரம்பித்தார். "வந்தான், ட்யூபை உருவினான், எச்சில் தொட்டு ஓட்டையைக் கண்டுபிடிச்சான், ஒட்டினான். என் காலைத் தொட்டுப் பார்த்தான், மிதிக்காதேன்னு கை காட்டினான். பாப்பனங்கோட்டுலேர்ந்து இந்த முதுகுல வெச்ச கையை எடுக்கலை. பாலத்துல ஹர்த்தால்காரா கூட கை தட்டினா. இடுப்புல ரெண்டு பழம் வெச்சிருந்தான், அதையும் எனக்கு நீட்டினான். நான் சாப்பிடப்படாதேன்னேன். அவனும் சாப்பிடலை."

திவசம் நடந்தது. மஹேஷ் இருவருக்கும் கால் கழுவிவிட்டான். இலை போட்டார்கள். அடுப்படி நிலையில் நின்று சூடாமணி பார்த்தாள். நேமத்துப் பெரியவர் சைக்கிளில் வந்த பசியோடு சாப்பிட்டார். வாத்தியார் சொன்னது பொய்யில்லை. ஏழு வடை. மோர்க்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கி, மூன்றாவது தடவை கிண்ணத்தைக் கையாலேயே காட்டினார். பாகற்காயைக் கூட விடவில்லை. கடைசியில் இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி, "திருப்தி" என்றார். அது மந்திரத்தில் வருகிற வார்த்தைதான். ஆனால் அதை யாரும் சொல்லிக்கொடுத்து அவர் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி உண்டு. மீந்த அன்னத்தை என்ன செய்யட்டும் என்று மகன் கேட்க வேண்டும். வேண்டியவர்களோடு சேர்ந்து சாப்பிடு என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மஹேஷ் கேட்டான். பெரியவர் பதில் சொன்னார்.

"இன்னொரு இலை போடு" என்றாள் சூடாமணி. "அவனுக்கு."

பஞ்சாபகேசன் நிமிர்ந்தார். "சூடா, மீந்த சேஷத்தைப் பங்காளிகள்தானே சாப்பிடணும்? வேத்து மனுஷாளுக்குப் போடற வழக்கம் நம்மாத்துல..."

"இப்போ என்ன சொன்னா, கேட்டேளா? வேண்டியவாளோட. இந்த நாளுக்கு இவனை விட வேண்டியவன் எனக்கு யாரு? நீங்களா? நீங்க வாசல்ல உட்கார்ந்து பண்ணினது எனக்குத் தெரியாதா?"

வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். பஞ்சாபகேசன், "நான் உள்ளே விட்டதனாலதானே அவன் வந்தான்" என்றார். அதுவும் உண்மைதானே.

மஹேஷுக்கும் பஞ்சாபகேசனுக்கும் நடுவில் பிஸாஹு உட்கார்ந்தான். அவன் சாப்பிட்டதைச் சூடாமணி இன்றைக்கும் வர்ணிப்பாள். முதலில் பயந்து பயந்து, அப்புறம் இரண்டு கையாலும் உண்பவன்போல் வேகமாக, அப்புறம் மெதுவாக. பிரண்டைத் துவையலில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றான். இது என்ன என்று மஹேஷிடம் கேட்டான். மஹேஷுக்கு ஹிந்தியில் சொல்லத் தெரியவில்லை. பிஸாஹு இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டான். மோர்க்குழம்பு வந்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டி, தன் பாஷையில் என்னமோ சொன்னான். மஹேஷ் மொழிபெயர்க்க வாயெடுத்தான்.

"வேண்டாம்" என்றாள் சூடாமணி. "தெரியறது."

கை கழுவிவிட்டு வந்தவன் சுவரோரம் சாய்ந்தான். இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனான். ராமசேஷனின் கட்டில் போட்டிருந்த கூடம் அது. கட்டிலை எடுத்த பிறகு ஒரு வருஷமாக யாரும் அங்கே படுத்ததில்லை. வாயைத் திறந்து, கையை வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு, பெரிய குறட்டை.

மூன்று மணிக்கு மஹேஷ் வந்தான். "எழுப்பட்டுமா அம்மா? இன்னிக்கே கன்யாகுமரி போகணும்னான்."

"சமுத்திரம் எங்கேயும் போகாது. நாளைக்குப் பார்க்கட்டும்."

"அவனுக்கு ஒரு திட்டம் இருக்கும்மா..."

"எனக்கும் இருக்கு. எழுப்பினா பார்."

மஹேஷ் போய்விட்டான். வாத்தியாரும் மற்றவர்களும் எப்போதோ கிளம்பியிருந்தார்கள். அடுப்படியில் சூடாமணி ஒரு இலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். விடியற்காலை நாலு மணியிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. சாதத்தை வைத்து, மோர்க்குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் போட்டுக்கொண்டபோதுதான் எவ்வளவு பசி என்று தெரிந்தது. கூடத்துக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே, நிதானமாக, இரண்டாவது தடவையும் சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.